எண்ணெய்ச் சட்டி வைக்க ஒரு தேதி

தாராவி, பம்பாய்
12-5-1963

அன்புள்ள லூசியக்காவுக்குத் தம்பி மரியசூசை எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகந்தானே? கடுதாசியின் தலைமாட்டில் ஒன்றும் போடாமல் இடம் விட்டிருக்கிறேன். நீதான் சபைக்குப் போகிறவள். உனக்கு வேண்டியதை நீயே எழுதிக்கொள்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஊர்க்காரன் எவனாவது வந்து கால் கை வைத்துச் சொல்வதற்குள். சாமி இல்லை, ஒன்றுமில்லை என்று இருபது வருசமாய்ச் சொல்லிக்கொண்டு திரிகிற உன் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் பிடிபட்டான். அதுவும் குறட்டை விட்டுக்கொண்டு. இந்த வெயிலுக்குக் கோயிலில் புதுசாக நாலு மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். மத்தியானம் ஆள் இருக்காது என்று கடைசி பெஞ்சில் சும்மா சாய்ந்தேன். முழித்துப் பார்த்தால் மாதா வணக்கமாசப் பூசை பாதி முடிந்திருக்கிறது, சுற்றிலும் முக்காடு போட்ட பொம்பளைகள். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "மரியசூசை, நீ முடிச்சுக்கோ. பெறவு நான் பேசுதேன்" என்கிறார்.

சிரித்தாயா? சிரித்திருந்தால் விஷயத்துக்கு வருகிறேன். சேசம்மா என்னை ஒண்டிக்கட்டையாக விட்டுப் போய் மூணு மாசம் ஆகிறது. தந்தி உனக்கு மூணாம் நாள்தான் கிடைத்தது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் துக்க வீட்டில் கூடப்பிறந்தவள் வந்து அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கிறவரைக்கும் பலகாரம் சுடக்கூடாது, நல்ல நாள் கொண்டாடக்கூடாது என்பது நம்ம ஆட்கள் வழக்கம். எனக்குக் கூடப்பிறந்தவள் நீ ஒருத்தி. அதனால் கிறிஸ்துமஸுக்கு வந்து சட்டியை வைத்துவிட்டுப் போ. இன்னும் ஏழு மாசம் இருக்கிறது. ரயில் எவ்வளவு மெதுவாக வந்தாலும் வந்துவிடலாம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பக்கத்துக் கதவு முகம்மது ஹனீப், தகரப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறானே, அவனும் அவன் வீட்டுக்காரி ஆபிதாவும் உன்னை விசாரித்தார்கள்.

கோயிலில் தூங்கிய தம்பி,
மரியசூசை


திசையன்விளை
30-5-1963

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அன்பின் தம்பி சூசைக்கு லூசியம்மாள் எழுதுவது. அவருடைய கிருபையால் நாங்கள் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நீ விட்ட இடத்தில் நான் எழுதிவிட்டேன், மேலே பார்.

நான் சிரிக்கவில்லை. அத்தான் சிரித்தார்.

நீ கேட்ட காரியம் நடக்காது. நான் சபைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். இயேசு எந்த மாதம், எந்தத் தேதி பிறந்தார் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? டிசம்பர் இருபத்தைந்து மனுஷர் வைத்த தேதி. நட்சத்திரமும் வெடியும் பலகாரமும் மாம்சத்தின் சந்தோஷம். நாங்கள் அதை ஆசரிக்கிறதில்லை. எண்ணெய்ச் சட்டியும் அப்படித்தான், மனுஷர் வழக்கம். ஒரு சட்டியை வைத்தால் துக்கம் போகும் என்றால் ஆறுதல் செய்கிறவர் எதற்கு? உனக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறேன். அதைவிட என்ன செய்ய முடியும்?

தந்தியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சமாதானம் உண்டாவதாக.

லூசியம்மாள்


தாராவி
16-6-1963

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே மழை பிடித்துவிட்டது, தோல் ஷாப்பில் தோலும் காயவில்லை, நானும் காயவில்லை. மற்றபடி சௌக்கியம். அத்தான் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லு. எண்ணெய் சூடு பண்ணலாம்தானே, அதுக்கு வேதத்தில் தடை இல்லையே?

உன் கடுதாசியை எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனேன். எங்கள் தெருப் பெரியவர் நாங்குநேரி அய்யாத்துரை அண்ணாச்சி, பிள்ளையார் கோயில் கமிட்டி. அவரிடம், "அக்கா வராட்டா நானே நட்சத்திரத்தைக் கட்டிரலாமா அண்ணாச்சி?" என்றேன்.

"துக்க வீட்டு வாசல்ல நட்சத்திரம் தொங்குனா தெரு விளங்குமாலே?"

"நீங்க பிள்ளையார் கோயில் ஆளு. நட்சத்திரம் எங்க ஆளுகபாடு."

"சாமி எதா இருந்தா என்னடே, துக்கம் ஒண்ணுதான. ஒங்க அக்கா வந்து சட்டி வைக்கட்டும். பெறவு நிலாவையே கட்டித் தொங்கவிடு."

சரி என்று சாமியாரிடம் போனேன். அவர், "இருபது வருசமா பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவனுக்கு எதுக்குடே கிறிஸ்துமஸு?" என்கிறார்.

பார்த்துக்கொள். அவருக்கு நான் கோயிலுக்கு வராதது தடை. அண்ணாச்சிக்கு நீ வராதது தடை. உனக்குக் கிறிஸ்துமஸே தடை. இதுவரைக்கும் ஒரு காரியத்திலும் ஒத்துப்போகாத மூணு சாமி ஆட்களும் என் விஷயத்தில் கைகோத்துக்கொண்டீர்கள். சாமி இல்லாத நான் ஒருத்தன்தான் பண்டிகையைக் காப்பாற்ற அலைகிறேன். தலையில் அடித்துக்கொள்கிறேன், மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

சபையில் சேர்ந்து நீ நகையைக் கழற்றினாய், பின்னாலேயே கவர்மெண்டும் தங்கத்துக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. டெல்லியிலும் உங்கள் சபைதான் என்று ஹனீப் சொல்கிறான்.

நீ வராவிட்டால் முந்திரிக்கொத்தை நானே செய்யப்போகிறேன். சேசம்மா செய்வதைப் பார்த்திருக்கிறேன். சிறுபயறை ஊறப்போட்டு அவித்து, சீனிப்பாகில் உருட்டி, கோதுமை மாவில் முக்கிப் பொரிக்க வேண்டியதுதானே? பெரிய வித்தையா?

அத்தானுக்கு அன்பு. உனக்குக் கொஞ்சம் கோபம்.

மரியசூசை


திசையன்விளை
20-7-1963

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தம்பி சூசைக்கு. இவ்விடம் சுகம். அத்தான் எண்ணெய் தேய்க்கிறார். அங்கே மழையில் நனையாதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே நெஞ்சில் சளி கட்டும்.

கோட்டிப்பயலே, சிறுபயறை யாராவது ஊறப்போடுவார்களா? இரும்புச் சட்டியில் வாசம் வருகிறவரைக்கும் வறுக்க வேண்டும். பிறகு திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்துச் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் சூட்டோடு சூடாக உருட்டவேண்டும். சீனிப்பாகில் உருட்டினால் ஒரு நாள் தாங்காது. பச்சரிசி மாவில்தான் முக்க வேண்டும், கோதுமை மாவு எண்ணெயைக் குடிக்கும். ஏலக்காய், சுக்கு மறக்காதே. இதை நான் பண்டிகைக்காகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன், விளையாடாமல் பதில் எழுது. நான் நம்புகிறேன், கொண்டாடவில்லை. நீ நம்பவில்லை, ஆனால் கொண்டாடியே தீருவேன் என்று நிற்கிறாய். யார் பிறந்ததற்கு? பிறந்தவர் மேல் உனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் எதற்கு உனக்கு நட்சத்திரம்? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அத்தானிடம் கேட்டேன். "அவனிடமே கேள்" என்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

லூசியம்மாள்


தாராவி
4-8-1963

அன்புள்ள அக்காவுக்கு. சுகமாக இருக்கிறேன், இருமல் கொஞ்சம். ஆபிதா கஷாயம் கொடுத்தாள். அதைக் குடித்தால் இருமல் பயந்தே ஓடிவிடும், அவ்வளவு கசப்பு.

விளையாடாமல் எழுது என்றாய். சரி.

நான் நம்பாதவன்தான். அதில் மாற்றமில்லை. கலியாணத்துக்கு முந்தியே சேசம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள், "நீரு நம்பாட்டா பரவால்ல, எனக்குச் சேத்து நான் நம்பிக்கிடுதேன்" என்றாள். பத்தொன்பது டிசம்பர். ஒவ்வொரு வருசமும் நான் மூங்கில் சீவி நட்சத்திரக் கூடு கட்டுவேன். அவள் காற்றாடிக் காகிதம் ஒட்டுவாள். "நம்பாதவன் கட்டுன கூட்டைப் பாத்து வந்தா மூணு ராஜாவும் வழி தப்பிப் போயிருவாங்க" என்பாள். "தப்பி வந்தா ஆபிதா வீட்டுல சாயா குடிச்சிட்டுப் போட்டும்" என்பேன். பத்தொன்பது வருசமும் இதே பேச்சு. ஒரு வருசம் நான் பதில் சொல்ல மறந்துவிட்டேன் என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு பலகாரம். இந்தத் தெருவில் நாற்பது கோலி, எல்லாம் ஒற்றை அறை வீடு. நாற்பதுக்கும் தட்டு போகும். ஹனீப் வீட்டுக்கு, அண்ணாச்சி வீட்டுக்கு, எதிரே இருக்கிற மராட்டிக்கார அம்மாள் மாவுசிக்கு. யார் நம்புகிறார்கள், யார் நம்பவில்லை என்று தட்டு கேட்டதில்லை. பெருநாளைக்கு ஹனீப் வீட்டுப் பிரியாணியை நீட்டும்போது அவன் என்னிடம் கலிமா சொல்லச் சொன்னானா?

பிறந்தவரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவ்வளவுதான் காரணம். இதுக்கு மேல் கேட்காதே.

போன வாரம் காற்றில் கூரைத் தகரம் ஒன்று பறந்து அண்ணாச்சி வீட்டு மேலே உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேரும் அது தன் தகரம் இல்லை என்று சொல்லிக்கொண்டோம். ஓட்டைத் தகரம்.

அத்தான் முழங்காலை நான் கேட்டதாகச் சொல்லு.

மரியசூசை


தாராவி
10-10-1963

அக்காவுக்கு. நலம். நீ நலமா என்று கேட்கலாம் என்றால் பதில் எங்கிருந்து வரும்?

இரண்டு மாசம் ஆச்சு. தபால்காரன் என்னைக் கண்டால் வேறு சந்தில் திரும்புகிறான். நான் அவனைச் சந்தேகப்படுகிறேன், அவன் என்னைச் சந்தேகப்படுகிறான். ஹனீப் சொல்கிறான், "அண்ணே, நீரு விளையாடாம ஒரு கடுதாசி எழுதினீரு. அக்கா பயந்து போச்சு" என்று.

வர முடியாது என்றால் வர முடியாது என்று ஒரு கார்டு போடு. நான் என்ன கடிக்கவா போகிறேன்? வேதத்தில் கூடப்பிறந்தவனுக்குக் கடுதாசி போடக்கூடாது என்று இருந்தால் அதிகாரம், வசனம் குறித்து அனுப்பு, படித்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு இவ்வளவுதான். எனக்கு இதைவிட எரிச்சலாக எழுத வரவில்லை, படிப்பு குறைவு.

மரியசூசை

அக்காவுக்கு ஹனீப் சலாம். தபால்பெட்டியில் போடச் சொல்லி அண்ணன் கொடுத்த கடுதாசியில் ஓரத்தில் எழுதுகிறேன். சேசம்மா மைனி போன நாளிலிருந்து அண்ணன் கோலியில் அடுப்பு பத்தவைக்கவில்லை. ஆபிதா கொடுத்துவிடுற சோறு பாதி நாள் அப்படியே திரும்பி வருது. எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கிறதால தெருவில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னதாகக் காட்டிக்கிடாதீங்க.


திசையன்விளை
5-11-1963

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தம்பி சூசைக்கு. சுகம். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை.

காரணம் இருக்கிறது. உன் ஆகஸ்ட் கடுதாசியைப் படித்துவிட்டு சபை மூப்பரிடம் போய்க் கேட்டேன். பண்டிகைக்கென்று பயணம் போவது சரியில்லை என்று சொன்னார். ஊழியக்காரர் வார்த்தையை மீறினதில்லை. நீ ஒரு பக்கம் இழுக்கிறாய். சபை ஒரு பக்கம் இழுக்கிறது. அத்தான் என் பெட்டியை எடுத்து வெயிலில் காயப்போடுகிறார். இந்த மூன்று ஆம்பளைகளுக்கும் நடுவில் எனக்குப் பொறுமை போய்விட்டது. கர்த்தர் மன்னிக்கட்டும், உன்னை ஒரு அறை அறைய வேண்டும் போல் இருக்கிறது.

அங்கே உன் வீட்டில் கரி அடுப்பா, ஸ்டவ்வா? ஸ்டவ் என்றால் திரி எப்போது மாற்றினது? சும்மா கேட்டேன்.

தனியாக இருக்கிறவன் கஞ்சியாவது வைத்துக் குடிக்க வேண்டும். இதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

லூசியம்மாள்


தாராவி
18-11-1963

அறைய வருகிற அக்காவுக்கு வந்தனம். கன்னம் தயாராக இருக்கிறது. இன்னொரு கன்னத்தையும் காட்டச் சொல்லி உங்கள் புஸ்தகத்தில் இருக்கிறது, எனக்கு ஞாபகம்.

ஸ்டவ்தான். திரி புதுசு மாதிரியே இருக்கிறது.

ராத்திரி பகலாக யோசித்து உன் கடுதாசி எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். முதல் கடுதாசியில் நீ என்ன எழுதியிருக்கிறாய்? அவர் எந்த மாதம், எந்தத் தேதி பிறந்தார் என்று வேதத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் அதை ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவையாக உன் சபையும் நானும் ஒரே கட்சி. டிசம்பர் இருபத்தைந்து வேண்டாம். விட்டுத்தள்ளு.

மூப்பர் என்ன சொன்னார்? பண்டிகைக்குப் போகக்கூடாது என்றார். பண்டிகை இல்லாத நாளில் தம்பி வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொன்னாரா? கேட்டுச் சொல்லு. சட்டி வைக்கிறதுக்குக் காலண்டர் வேண்டாம், அடுப்பும் கூடப்பிறந்தவளும் இருந்தால் போதும் என்று அண்ணாச்சியிடமும் கேட்டுவிட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் யோசித்து, "லா பாயிண்டு சரிதான்" என்றார்.

அதனால் ஒரு தேதியை நீ சொல்லு. எந்தச் சாமிக்கும், எந்தப் புண்ணியவானுக்கும், எந்தக் கவர்மெண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு தேதி. வெறும் தேதி. அன்றைக்கு நீ வந்து சட்டி வை.

இதுக்கும் வர மாட்டேன் என்றால் அப்புறம் நான் கேட்க மாட்டேன். இது விளையாட்டில்லை.

மரியசூசை


திசையன்விளை
9-12-1963

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தம்பி சூசைக்கு. சுகம். சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜனவரி இரண்டாம் தேதி, வியாழக்கிழமை. பஞ்சாங்கம் வைத்திருக்கிற அடுத்த வீட்டு ஆச்சியிடமும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அஷ்டமி நவமி என்று எதுவும் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லாதே ஆச்சி, பண்டிகை இருக்கிறதா என்று மட்டும் சொல் என்றேன். இல்லை என்றாள்.

ஒன்றாம் தேதி தாதரில் இறங்குவேன். அத்தான் முழங்காலோடு வர முடியாது. நான் வருவது தம்பியைப் பார்க்க. கிறிஸ்துமஸுக்கு இல்லை. இதை உன் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிடு. நான் இருக்கிறபோது நட்சத்திரம் கட்டக்கூடாது. வெடி கூடாது. சொரூபம், படம் இருந்தால் துணி போட்டு மூடு. அடுப்பு பற்றவைக்கும் முன்னால் நான் ஜெபம் பண்ணுவேன், யாரும் சிரிக்கக் கூடாது, முக்கியமாக நீ. பச்சரிசி மாவு இங்கிருந்து கொண்டுவருகிறேன், பம்பாய் மாவை நம்ப முடியாது. கருப்பட்டியும் கொண்டுவருகிறேன். சிறுபயறு வறுத்துத் திரித்துவிட்டேன்.

ஸ்டவ் திரியை மாற்றிவை. சும்மா இருந்த திரி புகையும்.

லூசியம்மாள்


தாராவி
26-12-1963

அன்புள்ள அக்காவுக்கு. இந்தக் கடுதாசி உனக்கு வந்து சேருவதற்குள் நீ புறப்பட்டிருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன். சுகம்.

நீ சொன்ன மாதிரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டாம் தேதி லூசியக்கா வருகிறாள், அது பண்டிகை இல்லை என்று. எல்லாரும் இரண்டாம் தேதிக்குப் புதுச் சட்டை எடுத்துவிட்டார்கள்.

முந்தாநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் பாட்டுக்கோஷ்டி வந்தது. டோலக்கு, ஆர்மோனியம், பெட்ரோமாக்ஸ் எல்லாம் உண்டு. வீடு வீடாக நின்று பாடிக்கொண்டு வந்தார்கள். நம்ம வாசலுக்கு வந்ததும் டோலக்கை நிறுத்திவிட்டார்கள். சத்தமில்லாமல் தாண்டிப்போய், ஹனீப் பட்டறைக்கு அந்தப் பக்கம் போன பிறகு திரும்ப அடித்தார்கள். துக்க வீட்டுக்கு மரியாதை. நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் சத்தமில்லாமல் நடந்தது பத்துக் காலடி இருக்கும். எண்ணினேன்.

சரி விடு. நேற்று ஏழு வீட்டிலிருந்து தட்டு வந்தது. எல்லார் முந்திரிக்கொத்திலும் ஒவ்வொரு குறை. உன்னிடம் சொல்ல எழுதிவைத்திருக்கிறேன்.

திரி மாற்றிவிட்டேன்.

மரியசூசை


தாராவி
21-1-1964

என் கூடப்பிறந்த லூசியக்காவுக்கு. நீ ஊர் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. அத்தான் முழங்கால் உன்னைக் கண்டதும் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். தினமும் கஞ்சி வைக்கிறேன். அடி பிடித்தது, பரவாயில்லை.

இரண்டாம் தேதி நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். தெரியாது. நீ கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாய். நாற்பது நிமிஷம். மூடின கண்ணுக்கு வெளியே நடந்ததை எழுதுகிறேன்.

நீ மண்டியிட்டதும் ஆபிதா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் ஹனீப் பட்டறையை நிறுத்திவிட்டு வந்து நின்றான். பிறகு அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. பிறகு மாவுசி. பிறகு வழியே போன சாமியார், என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவரும் நின்றுவிட்டார். நீ சொன்ன தமிழில் மாவுசிக்கு ஒரு வார்த்தை புரியாது. உன் சபை என்ன சபை என்று அண்ணாச்சிக்கும் தெரியாது. ஒருத்தரும் போகவில்லை. அரை மணி ஆனதும் அண்ணாச்சி என் காதில், "எலே, எண்ணெ ஊத்துறதுக்குள்ள அடுத்த கிறிஸ்துமஸு வந்துரும் போலுக்கே" என்றார். நான் சிரிக்கவில்லை. கையைக் கடித்துக்கொண்டேன், அடையாளம் இன்னும் இருக்கிறது.

கடைசியில் நீ சேசம்மா பேரைச் சொன்னாய். செத்தவர்களுக்காக உங்கள் சபையில் ஜெபம் பண்ணுவதில்லை என்று அத்தான் ஒருதரம் சொல்லியிருக்கிறார். அதனால் நான் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. நீ சொன்னதாகவும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கேட்டேன்.

அப்புறம் நீ சட்டியை வைத்தாய். எண்ணெய் காய்ந்தது. முதல் முந்திரிக்கொத்து உள்ளே விழுந்த சத்தத்துக்கு ஹனீப் வெளியே போய்விட்டான், கண்ணில் புகை என்று. திரி புதுசு, புகையே இல்லை.

சாயங்காலம் அண்ணாச்சி மூங்கில் கம்போடு வந்து, "சட்டி வெச்சாச்சுல்லா? இனி தொங்கவிடுலே" என்றதற்கு நீ போட்ட சண்டையையும் எழுத வேண்டுமா? "நான் பார்க்க மாட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாய். நாங்கள் வாசலில் பழைய கூட்டை ஏற்றினோம். நீ திரும்பாமலே, "இடது பக்கம் சாயுது" என்றாய். எப்படித் தெரிந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. நீ போன பிறகுதான் பார்த்தேன், அந்தச் சுவரில்தான் கண்ணாடி மாட்டியிருக்கிறது.

நாற்பது கோலிக்கும் தட்டு போய்ச்சேர்ந்தது. சாமியார் இரண்டு தட்டு வாங்கினார். என்னிடம், "எப்ப வருத பாவசங்கீர்த்தனத்துக்கு?" என்றார். "விசிறி ஓடுதா சாமி?" என்றேன். நம்பிக்கை வரவில்லை அக்கா, பொய் சொல்ல மாட்டேன். பசி வந்திருக்கிறது.

தாதரில் உன் மூட்டையை வைக்க ஏறினவன் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன், வண்டி எடுத்துவிட்டான். "இறங்கு, இறங்கு" என்று நீ கத்தினாய். பிறகு நீயும் சும்மா இருந்துவிட்டாய். கல்யாண்வரை உன் எதிரே உட்கார்ந்து வந்தது நல்லதாகப் போச்சு. அங்கே இறங்கி நான் கையாட்டினது வரைக்கும் உனக்குத் தெரியும். மிச்சம் இதுதான். டிக்கெட் பரிசோதகரிடம் தாதர் பிளாட்பாரம் டிக்கெட்டைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேசி முடித்துவிட்டு, எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்ற லோக்கல் வண்டியில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. தாதர் வரவேயில்லை, எதிர்த்திசையில் கடைசி ஸ்டேஷன் கசாரா வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கசாராவில் ஒரு பெரிய மலை இருக்கிறது.

உன் தம்பி,
மரியசூசை